பழம் பழுக்கும் இரகசியமும் பயிர் வைரசும்

புத்தளக் களப்புக்கும் இந்து சமுத்திரத்துக்கும் இடையே வடக்கு நோக்கி நீண்டு கிடப்பது கற்பிட்டிக் குடாநாடு. பாலாவிச் சந்தியிலிருந்து நுரைச்சோலை வழியாகக் கற்பிட்டிக்குச் செல்பவர், பாதையின் இரு மருங்கிலும் தென்னந்தோப்புகளையும், அவற்றின் நடுவே மணலிற் பாத்தி கட்டிய தோட்டங்களையும் காண்பர். மேலே வெறும் மணல். சில அடி ஆழத்திலே நன்னீர். அந்நீரை இறைத்து மிளகாயும் வெங்காயமும், தக்காளியும் பப்பாசியும் விளைவிக்கின்றனர் அப்பகுதிக் கமக்காரர். மணலைப் பொன்னாக்கும் அவர்தம் உழைப்புக்கு இரண்டு இடையூறுகள் உண்டு. ஒன்று, செடியை வாட்டும் வைரசு நோய். மற்றையது, பறித்த பழம் சந்தையைச் சேருமுன்னரே கனிந்து, நசிந்து, அழிந்துபோதல்.

இவ்விரண்டு இடையூறுகளுக்கும் தம்முள் யாதொரு தொடர்பும் இல்லை என்றே எவரும் எண்ணுவர். நோய் தோட்டத்திலே வருவது. அழிவு லொறியிலே நேர்வது. ஆனால், கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் விஞ்ஞானிகள் இவ்விரண்டையும் ஒரு விந்தையான முறையிலே இணைத்திருக்கின்றனர். செடியைக் கெடுக்கும் வைரசையே கருவியாகக் கொண்டு, பழம் ஏன் பழுக்கிறது, எப்பொழுது பழுக்கிறது, அதனை யார் தொடக்கி வைக்கிறார் என்னும் வினாக்களுக்கு விடை தேடுகின்றனர். பகைவனைக் கொண்டே கோட்டையின் இரகசிய வாயிலை அறிந்துகொள்வது போன்றது இது. அந்த வரலாற்றையும் அதன் முறையையும் அறிந்துகொள்வது, கற்பிட்டியிலும் அதனை ஒத்த ஊர்களிலும் பயிரிடுவோருக்கும், அவ்விளைபொருளை உண்போருக்கும் பயன் தருவதாகும்.

முதலில் நோயைப் பார்ப்போம். தக்காளியின் இளம் இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு, மஞ்சளித்து, செடி குட்டையாகி நிற்பதைக் கமக்காரர் நன்கறிவர். அது இலைச்சுருள் நோய். வெண் ஈ எனப்படும் சிறு பூச்சி ஒரு செடியின் சாற்றை உறிஞ்சி மறு செடிக்குச் செல்லும்பொழுது நோயையும் எடுத்துச் செல்கிறது. இலங்கையிலிருந்து பெறப்பட்ட ஓரினம், இலங்கைத் தக்காளி இலைச்சுருள் வைரசு என்றே விஞ்ஞான உலகிற் பெயர் பெற்றுள்ளது. பப்பாசியைத் தாக்குவது வளையப்புள்ளி வைரசு. அதனை அழுக்கணவன் பரப்புகிறது, காயின் தோலில் வளையம் வளையமாகப் புள்ளிகள் தோன்றும், இலை சிதையும், விளைச்சல் குன்றும்.

வைரசு என்பது யாது? அது தனித்து வாழவல்ல உயிரன்று. டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. என்னும் மரபுப் பொருளின் சிறு துண்டொன்று. அதனைச் சுற்றி ஒரு புரதப் போர்வை. அவ்வளவே. அந்தத் துண்டு ஓர் எழுத்தோலை போன்றது. அவ்வோலையிலே, தன்னைப் போன்ற ஓலைகளைப் பெருக்குக என்னும் கட்டளை எழுதப்பட்டிருக்கிறது. தாவரக் கலத்தினுள் அது புகுந்ததும், கலம் தன் வேலையை விட்டுவிட்டு அக்கட்டளையை நிறைவேற்றத் தொடங்குகிறது. இந்த ஓலை என்னும் உவமையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் அது பயன்படும்.

இனிப் பழத்தைப் பார்ப்போம். காய் பழமாவது வெறும் முதுமையன்று. அது ஒழுங்கு குலையாமல் நிகழும் ஒரு பெருமாற்றம். தக்காளியிலே பச்சையம் சிதைகிறது, லைக்கோபீன் என்னும் செந்நிறப் பொருள் உண்டாகிறது, புளிப்புக் குறைகிறது, மணம் பிறக்கிறது. கலங்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் என்னும் பசையை நொதியங்கள் கரைக்கின்றன; ஆதலால் பழம் மெதுமையாகிறது. விலங்கும் பறவையும் உண்டு, விதையைப் பரப்பவேண்டும் என்பதற்காக இயற்கை செய்த ஏற்பாடு இது. ஆனால் சந்தைக்கு அனுப்புபவருக்கோ இம்மெதுமையே பகை. அதனாலேயே தக்காளியை முழுப்பழமாக விடாது, பச்சையிற் செம்மை தோன்றும் செங்காய்ப் பருவத்திலேயே பறிக்கிறார்கள். தக்காளி, வாழை, மா, பப்பாசி ஆகியவை பறித்த பின்னரும் பழுக்கும் இயல்புடையவை. தோடை, திராட்சை, அன்னாசி ஆகியவற்றுக்கு அவ்வியல்பு இல்லை. ஆதலின் முன்னைய வகையைச் சேர்ந்தவற்றுக்குப் பறித்தபின் ஓடும் ஒரு கடிகாரம் உண்டு என்று கூறலாம். தோட்டத்திலிருந்து தம்புள்ளைச் சந்தைக்கோ கொழும்புக்கோ செல்லும் லொறி அந்தக் கடிகாரத்தோடு ஓட்டப்பந்தயம் ஓடுகிறது.

அக்கடிகாரத்தை முடுக்கும் பொருள் எதிலீன் என்னும் வாயு. இதனை நம் முன்னோர் பெயர் அறியாமலே பயன்படுத்தினர். வாழைக்குலையைக் குழியில் இறக்கி, மூடிப் புகை போட்டுப் பழுக்க வைக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் நெடுங்காலமாக உண்டு. அப்புகையில் இருந்த எதிலீனே அவ்வேலையைச் செய்தது. 1901ஆம் ஆண்டில் ருஷ்யாவிலே நெல்யுபோவ் என்னும் இளம் தாவரவியலாளர், விளக்கு வாயுவில் உள்ள எதிலீனே பட்டாணி நாற்றுகளை வளைந்து குறுகச் செய்கிறது என்று காட்டினார். 1934ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே கேன் என்பவர், பழுக்கும் அப்பிள் பழங்கள் தாமே அவ்வாயுவை வெளியிடுகின்றன என்று நிறுவினார். பழம் தன்னைத் தானே பழுக்கச் செய்கிறது. அருகில் உள்ள காயையும் பழுக்கச் செய்கிறது. 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ஆடம்சும் யாங்கும், தாவரம் அவ்வாயுவை எப்படிப் படிப்படியாகத் தயாரிக்கிறது என்பதைக் கண்டறிந்தனர். இன்று சில வியாபாரிகள் கல்சியம் காபைட்டுக் கல்லைக் கொண்டு காயை விரைந்து பழுக்க வைப்பதும் இத்தன்மையதே. அக்கல் ஈரம் பட்டதும் வெளியிடும் அசெற்றிலீன், எதிலீனைப் போல நடிக்கிறது. நச்சுப் பொருள்கள் கலந்திருப்பதால் அம்முறையை இந்தியாவின் உணவுச் சட்டம் தடை செய்துள்ளது.

எதிலீன் மணி அடிக்கிறது என்று அறிந்தாயிற்று. ஆனால், மணியை அடிக்கச் சொல்பவர் யார்? மணியோசையைக் கேட்டு எழுபவர் யார்? நிறத்துக்கு ஒருவர், மணத்துக்கு ஒருவர், மெதுமைக்கு ஒருவர் என்று வேலையைப் பகிர்ந்தளிப்பவர் யார்? இவ்வேலையாட்களையே பரம்பரையலகுகள் என்கிறோம். தக்காளியின் மரபுத்தொகுதி முழுவதையும் பல நாட்டு விஞ்ஞானிகள் கூடிப் படித்து 2012ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பன்னிரண்டு நிறமூர்த்தங்களில் ஐந்தாவதை இந்திய நிலையங்கள் பொறுப்பேற்றன. அத்தொகுதியில் ஏறத்தாழ 35,000 பரம்பரையலகுகள் இருப்பதாகக் கணக்கிட்டனர். பெயர்ப் பட்டியல் கைக்கு வந்துவிட்டது. ஆனால் எவருக்கு எப்பணி என்பது பட்டியலில் எழுதப்படவில்லை.

ஒரு பெரிய பாடசாலையை எடுத்துக்கொள்வோம். அங்கே பலர் ஓசையின்றிப் பணிபுரிகிறார்கள். புதிதாக அங்கே வரும் ஒருவர், இன்னார் இன்ன வேலை செய்கிறார் என்று எப்படி அறிவார்? ஒருவர் விடுமுறையிலே சென்ற நாளில் எந்த வேலை நடவாமற் போகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். மணி அடிக்கவில்லையெனில், வராதவரே மணி அடிப்பவர். வாயிற்கதவு திறக்கவில்லையெனில், அவர் காவலாளர். பரம்பரையலகின் பணியை அறிவதற்கும் இதுவே வழி. ஒன்றை மட்டும் ஓய்வில் இருத்திவிட்டு, பழத்தில் எது குறைகிறது என்று நோக்குதல் வேண்டும்.

இயற்கை தானாகவே சிலவேளை இவ்விடுமுறையை அளிப்பதுண்டு. 1968ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட ரின் என்னும் தக்காளி வகை, எத்தனை நாள் கழிந்தும் சிவக்காது மஞ்சளாகவே நின்றது. ஆனால் இத்தகைய பிறழ்வுகள் எப்பொழுதாவது ஒருமுறை கிடைப்பவை. மனிதர் தாமே செய்த முயற்சியும் உண்டு. 1990ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமிலே கிரியர்சன் குழுவினர், எதிலீன் தயாரிப்பின் கடைசிப் படியை அடக்கிய தக்காளிச் செடியை உருவாக்கினர். அப்பழம் அழுகுவதும் சுருங்குவதும் குறைந்தன. எனினும், ஒவ்வொரு பரம்பரையலகுக்கும் ஒவ்வொரு புதுச்செடியை ஆய்வுகூடத்தில் உருவாக்கி, வளர்த்து, காய்க்கவிட்டுப் பார்ப்பதற்குப் பல மாதங்கள், சிலவேளை ஓராண்டுக்கு மேலும், செல்லும். முப்பத்தையாயிரத்தை அவ்வாறு வினவி முடிப்பது எளிதன்று. இங்கேதான் வைரசு உதவிக்கு வந்தது.

அந்த உதவியின் வேர், தாவரத்தின் தற்காப்பிலே இருக்கிறது. 1928ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வேர்ஜீனியாவிலே விங்காட் என்னும் ஆராய்ச்சியாளர் ஒரு புதுமையைக் கண்டார். வளையப்புள்ளி வைரசு தாக்கிய புகையிலைச் செடியின் அடியிலைகள் நோயுற்றுக் கருகியிருந்தன. ஆனால் பின்னர் தோன்றிய மேலிலைகள் நோய்க்குறியின்றிச் செழித்திருந்தன. விலங்குகளைப் போல நிணநீரும் வெண்குருதிக் கலங்களும் தாவரத்துக்கு இல்லை. அப்படியிருக்க, செடி எவ்வாறு தேறியது? அவ்வினாவுக்கு விடை கிடைக்க ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் சென்றன.

விடையின் முதற் குறிப்பு ஒரு பூச்செடியிலே வெளிப்பட்டது. 1990ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலே நாப்போலி, யோர்கென்சன் ஆகியோர் பெத்தியூனியாப் பூவின் ஊதா நிறத்தை மேலும் ஆழமாக்க எண்ணி, நிறத்தை உண்டாக்கும் பரம்பரையலகின் மற்றுமொரு படியைச் செடியினுள் புகுத்தினர். நிறம் மிகவில்லை, பல பூக்கள் வெள்ளை வெளேரென மலர்ந்தன! புகுத்திய படி தானும் பேசவில்லை. செடியில் ஏற்கெனவே இருந்த படியையும் பேசவிடவில்லை. பின்னர் இங்கிலாந்தின் நொரிச் நகரத்திலே டேவிட் போல்கோமும் அவர் குழுவினரும், செடி வைரசை அடக்கும் முறையும் இவ்வாறு பரம்பரையலகு மௌனமாகும் முறையும் ஒன்றே என்று 1997ஆம் ஆண்டிற் காட்டினர். 1999ஆம் ஆண்டில் ஹமில்ற்றனும் போல்கோமும் அம்மௌனத்துக்குக் காரணமான மிகச் சிறிய ஆர்.என்.ஏ. துணுக்குகளைக் கண்டுபிடித்தனர். அதற்குச் சற்று முன்னர், 1998ஆம் ஆண்டில், பயரும் மெல்லோவும் ஒரு சிறு புழுவிலே இதனை ஒத்த நிகழ்ச்சியை விளக்கியிருந்தனர். அவ்விருவருக்கும் 2006ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

செடி செய்வது இதுதான். வைரசின் ஓலை கலத்தினுள்ளே பெருகும்பொழுது, இரட்டை இழையுடைய ஆர்.என்.ஏ. தோன்றுகிறது. செடியின் சொந்தக் கட்டளை ஓலைகள் பெரும்பாலும் ஒற்றை இழையுடையவை. ஆகவே இரட்டை இழையைக் கண்டதும், அந்நியன் வந்துவிட்டான் என்று கலம் உணர்கிறது. கத்தரி போன்ற ஒரு நொதியம் அவ்விழையை 21 முதல் 24 எழுத்து நீளமுள்ள துணுக்குகளாக வெட்டுகிறது. அத்துணுக்குகளைக் காவற்புரதங்கள் கையில் ஏந்திக்கொள்கின்றன. தேடப்படும் குற்றவாளியின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சந்திதோறும் நிற்கும் காவலரைப் போல, அவை அத்துணுக்கோடு பொருந்தும் ஓலை எதனையும் கண்டவிடத்து வெட்டிவிடுகின்றன. எச்சரிக்கைச் செய்தி கலத்திலிருந்து கலத்துக்குச் சென்று, புதிய இலைகளையும் எட்டுகிறது. விங்காட் கண்ட மேலிலைகள் தேறியதன் காரணம் இத்தகைய காவலே.

காவலர் படத்தை மட்டுமே பார்க்கின்றனர். ஆளின் குணத்தைப் பார்ப்பதில்லை. ஆராய்ச்சியாளர் பற்றிக்கொண்ட நுணுக்கம் இதுவே. வைரசின் ஓலையிலே, செடியின் சொந்தப் பரம்பரையலகிலிருந்து எடுத்த சில வரிகளைச் சேர்த்து எழுதிவிட்டால் என்னவாகும்? செடி வைரசை வெட்டும்பொழுது அவ்வரிகளையும் வெட்டித் துணுக்காக்கும். அத்துணுக்குகளை ஏந்திய காவலர், அவ்வரிகளைக் கொண்ட செடியின் சொந்த ஓலைகளையும் தேடி அழிப்பர். பரம்பரையலகு இருந்த இடத்திலேயே இருக்கும், அதன் டி.என்.ஏ.யில் எவ்வித மாற்றமும் நேராது. ஆனால் அதன் கட்டளை எவரையும் சென்றடையாது. அதாவது, அவ்வேலையாள் விடுமுறையில் சென்றவராவார். இதனை வைரசு வழிப் பரம்பரையலகு மௌனம் என்று கூறலாம்.

1995ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே குமகாய் முதலியோர் புகையிலைச் சித்திரவடிவ வைரசைக் கொண்டு இதனைக் கண்கூடாகக் காட்டினர். இலையின் பச்சையத்தை வெயிலிலிருந்து காப்பவை கரோட்டின் இனப் பொருள்கள். அவற்றைத் தயாரிக்கும் நொதியம் ஒன்றின் வரிகளை வைரசிற் சேர்த்துப் புகையிலை இனச் செடிக்குக் கொடுத்தனர். காப்பு நீங்கியதால் இலைகள் வெயிலில் வெளுத்தன. அன்று முதல் அந்த வெளுப்பே, முறை பலித்தது என்பதற்கு ஆய்வுகூடங்களில் முதல் அடையாளமாயிற்று.

எல்லா வைரசும் இப்பணிக்கு ஏற்றதன்று. நோய் கடுமையாயின், நோயின் விளைவையும் மௌனத்தின் விளைவையும் வேறுபடுத்தல் அரிது. ஆதலால், மென்மையான குறிகளை மட்டும் உண்டாக்கி, வளரும் நுனிவரை செல்லவல்ல புகையிலை ரற்றில் வைரசு பெரிதும் விரும்பப்பட்டது. 2001ஆம் ஆண்டில் நொரிச் குழுவினரும், 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலே தினேஷ்குமார் குழுவினரும் அதனை ஆய்வுக் கருவியாக அமைத்தனர். பின்னவர்கள் அதனைத் தக்காளிச் செடியிலும் பயன்படுத்திக் காட்டினர். அவ்வைரசின் ஓலை இரு பகுதிகளாக இருப்பது வசதியாயிற்று. ஒரு பகுதி பெருக்கத்துக்கு; மற்றப் பகுதியிலே, செடிக்குள் பரவுவதற்குத் தேவையற்ற சில வரிகளை நீக்கி, ஆராயவேண்டிய வரிகளை வைக்கலாம். அவ்வோலையின் டி.என்.ஏ. வடிவத்தை அக்ரோபற்றீரியம் என்னும் மண்வாழ் பற்றீரியாவில் ஏற்றுவார்கள். தன் டி.என்.ஏ.யின் ஒரு பகுதியைத் தாவரக் கலத்தினுட் செலுத்துவது அப்பற்றீரியாவின் இயல்பு. பற்றீரியா கலந்த நீரை ஊசியில்லாத சிறு ஊசிக்குழலால் இலையினுள்ளே அழுத்திச் செலுத்தினால் போதும்.

இலையிலே பலித்தது பழத்திலே பலிக்குமா? 2005ஆம் ஆண்டில் பெய்ஜிங்கிலுள்ள சீன விவசாயப் பல்கலைக்கழகத்திலே பூ டாச்சி, லுவோ யுன்போ முதலிய ஆராய்ச்சியாளர் அதற்கு விடையளித்தனர். செடியில் தொங்கும் இளங்காயின் காம்பினுள் ஊசி மூலம் அந்நீரைச் செலுத்தினர். கரோட்டின் வழியிலுள்ள பரம்பரையலகை மௌனமாக்கியபொழுது காயின் பகுதிகள் செந்நிறம் பெறாது போயின. பின்னர், எதிலீன் மணியோசையைக் கேட்டு மேலே அறிவிக்கும் ஐன்-2 என்னும் பரம்பரையலகை மௌனமாக்கினர். காய் பழுப்பது தடைப்பட்டது. மணி அடித்துக்கொண்டே இருக்க, கேட்பவர் இல்லாத நிலை அது. புதுச்செடி உருவாக்கவேண்டியதில்லை, காத்திருக்கவேண்டிய காலம் மாதங்களிலிருந்து வாரங்களாகக் குறைந்தது. ஒரே செடியில் ஒரு காய் ஊசி பெற்றும், அருகிலுள்ள காய் பெறாமலும் இருப்பதால், இரண்டையும் பக்கத்திலே வைத்து ஒப்பிடவும் முடிந்தது.

அடுத்த ஆண்டே இம்முறை ஒரு பழைய புதிரை அவிழ்க்க உதவியது. நிறமற்ற பழுக்காத் தக்காளி என்று பெயர் பெற்ற ஒரு வகை உண்டு. அதன் பழம் வெளிறி நிற்கும்; சதை மாப்போல் இருக்கும். அதற்குக் காரணமான இடத்தைத் தேடிச் சென்ற ஆங்கில ஆராய்ச்சியாளர், டி.என்.ஏ. எழுத்துகளில் யாதொரு பிழையும் காணவில்லை. எழுத்தின் மீது படிந்த மீதைற் கூட்டம் என்னும் இரசாயன அடையாளமே பரம்பரையலகை வாயடைத்திருந்தது. இதுவே காரணம் என்பதை எவ்வாறு உறுதிசெய்வது? வழக்கமான தக்காளிக் காயிலே வைரசைக் கொண்டு அதே பரம்பரையலகை மௌனமாக்கிப் பார்த்தனர். சிவந்த பழத்தில் பழுக்காத பச்சைத் திட்டுகள் தோன்றின. 2006ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று.

திட்டுத் திட்டாகத் தோன்றுவது இம்முறையின் ஒரு குறை. வைரசு பழம் முழுவதும் ஒரே சீராகப் பரவுவதில்லை. மௌனமான பகுதி எது, ஆகாத பகுதி எது என்று கண்டறிவதற்கு, 2009ஆம் ஆண்டில் ஸ்பெயினின் வலென்சியா நகரத்திலே ஒரு நல்ல உபாயம் செய்தனர். ஒரு பூச்செடியின் இரு பரம்பரையலகுகளைப் பெற்றதால் ஊதா நிறமாகப் பழுக்கும் தக்காளி வகை ஏற்கெனவே இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டிருந்தது. வைரசின் ஓலையிலே ஆராயவேண்டிய வரிகளோடு, ஊதா நிறத்துக்குரிய வரிகளையும் சேர்த்து எழுதினர். எங்கெங்கு மௌனம் நிகழ்ந்ததோ அங்கெல்லாம் ஊதா நீங்கிற்று. ஆராய்ச்சியாளர் நிறத்தைப் பார்த்து, அப்பகுதியை மட்டும் அறுத்தெடுத்துச் சோதிக்கலாயினர்.

இதுவரை கூறியவை தொலைதூர நாடுகளின் செய்திகள். அயல்நாட்டிலும் ஒரு செயல் நிகழ்ந்தது. அது இக்கரையோரத்துக்கு மிக நெருக்கமான பொருளைப் பற்றியது. 2009ஆம் ஆண்டில் புது டில்லியிலுள்ள சர்வதேச மரபுப் பொறியியல், உயிர்த்தொழினுட்ப நிலையத்திலே முகர்ஜி குழுவினர், தென்னாசியத் தக்காளித் தோட்டங்களைப் பாழாக்கும் இலைச்சுருள் வைரசையே எடுத்துக்கொண்டனர். அதன் ஓலையின் சில பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை அகற்றி, தீங்கற்ற ஒரு கருவியாக மாற்றினர். அது பல இனத் தாவரங்களிலே பெருகியது. குறித்த பரம்பரையலகை மௌனமாக்கவும் செய்தது. கமக்காரரின் கண்ணீருக்குக் காரணமான பகைவன், ஆய்வுகூடத்திலே பல் பிடுங்கிய பாம்பாகி, தக்காளியின் இரகசியங்களைச் சொல்லும் சாட்சியானான்.

சாட்சியின் சொல்லை முழுதாக நம்பலாமா? இங்கே எச்சரிக்கை தேவை. ரின் வகை பழுக்காது நின்றதால், அதிலே கெட்டுப்போன பரம்பரையலகே பழுத்தலுக்கு இன்றியமையாத தலைவன் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2017ஆம் ஆண்டில் யப்பானிய ஆராய்ச்சியாளர், டி.என்.ஏ.யைக் குறித்த இடத்தில் வெட்டும் கிறிஸ்பர் என்னும் புதிய கருவியால் அப்பரம்பரையலகை முற்றாகச் சிதைத்தனர். காய் முழுமையாகப் பழுக்கவில்லை. ஆயினும் ஓரளவு சிவந்தது! பழைய ரின் வகையில் அவ்வேலையாள் வராதிருக்கவில்லை. உருத்திரிந்து வந்து, மற்றவர் வேலையையும் தடுத்துக்கொண்டிருந்தார் என்பது அப்பொழுதுதான் தெரிந்தது. நிறமற்ற தக்காளிக்குரிய பரம்பரையலகையும் 2019ஆம் ஆண்டில் அவ்வாறே சிதைத்துப் பார்த்தபொழுது, பழுத்தல் சிறிதளவே தாமதித்தது. வைரசு காட்டிய விளைவும் கிறிஸ்பர் காட்டிய விளைவும் ஒன்றாகவில்லை.

பாடசாலை உவமைக்குத் திரும்பினால் இது விளங்கும். மணி அடிப்பவர் வராத நாளில் மற்றொருவர் அவ்வேலையை ஏற்கலாம். ஒத்த வரிகளைக் கொண்ட பரம்பரையலகுகள் தாவரத்தில் பல உண்டு. ஒன்றை மௌனமாக்கும்பொழுது அதன் உறவினரும் சேர்ந்து மௌனமாகலாம். அன்றியும், வைரசு மௌனமாக்கல் முழுமையானதன்று. குரலைத் தாழ்த்துமேயன்றி நாவை அறுப்பதில்லை. வைரசின் இருப்பே பழத்தின் இயல்பைச் சிறிது மாற்றவும் கூடும். ஆகவேதான், வெறும் வைரசை மட்டும் பெற்ற காய்களையும் ஒப்பீட்டுக்காக வைத்துக்கொள்ளுதல் முறையாயிற்று. ஒரு கருவியின் சாட்சியத்தை இன்னொரு கருவியால் உறுதிப்படுத்திய பின்னரே முடிவு கூறவேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம். வைரசு முறை விரைவாகப் பலரை விசாரித்து, ஐயத்துக்குரிய சிலரை முன்னே நிறுத்துகிறது. தீர்ப்பு வேறோர் இடத்தில் வழங்கப்படுகிறது.

இவ்வாராய்ச்சியால் கற்பிட்டித் தோட்டக்காரருக்கு என்ன பயன்? வைரசு ஏற்றிய தக்காளியை எவரும் சந்தைக்கு அனுப்பப் போவதில்லை. அது ஆய்வுகூடத்தின் காவலுக்குள்ளே நிகழும் விசாரணை; அங்கே நேரும் மாற்றம் விதைவழி அடுத்த தலைமுறைக்குச் செல்லுமாறு செய்யப்படுவதுமில்லை. பயன் அதனாற் கிடைக்கும் அறிவிலே இருக்கிறது. ரின் குணத்தை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்ற கலப்பினத் தக்காளிகள், மெதுவாகப் பழுத்து நெடுநாள் கெடாதிருப்பதால், உலகச் சந்தையில் பல ஆண்டுகளாக விற்பனையாகின்றன. ஆனால் அவற்றிலே நிறமும் சுவையும் குறைவு என்னும் முறைப்பாடு உண்டு. கடிகாரம் முழுவதையும் தாமதப்படுத்தியதன் விளைவு அது. மெதுமைக்குரிய வேலையாளை மட்டும் தனியே அடையாளங் கண்டால், நிறமும் மணமும் குன்றாமல் உறுதியை மட்டும் நீடிக்கலாம். இவ்வழியிலே ஓர் எடுத்துக்காட்டு, புது டில்லியின் தேசிய தாவர மரபுத்தொகுதி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. அங்கே ஆசிஸ் தத்தா குழுவினர், பழத்தின் கலச்சுவர்ப் புரதங்களில் உள்ள சர்க்கரைச் சங்கிலிகளை வெட்டும் இரு நொதியங்களை ஆர்.என்.ஏ. மௌன முறையால் அடக்கினர். அப்பழங்கள் ஏறத்தாழ 30 நாள் கூடுதலாகக் கெடாதிருந்தன என்று 2010ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

நோய்க்கும் இதே அறிவு மருந்தாகிறது. பசிபிக் சமுத்திரத்திலுள்ள ஹவாய்த் தீவிலே, பப்பாசி மிகுதியாக விளையும் பகுதியினுள் 1992ஆம் ஆண்டில் வளையப்புள்ளி வைரசு புகுந்து, தோட்டங்களை அழித்து வந்தது. டெனிஸ் கொன்சால்வஸ் என்னும் விஞ்ஞானியும் அவர் குழுவினரும், அவ்வைரசின் போர்வைப் புரதத்துக்குரிய வரிகளைப் பப்பாசியில் முன்கூட்டியே பதித்து வைத்தனர். குற்றவாளி வருமுன்னரே காவலர் கையிலே படம் கொடுக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டில் கமக்காரருக்கு விதை வழங்கப்பட்டது. அத்தீவின் பப்பாசித் தொழில் மீண்டும் நிலைபெற்றது. இத்தகைய பயிரை ஏற்பதா, மறுப்பதா என்பது ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தையும் மக்கள் விருப்பத்தையும் ஆராய்ந்து முடிவு செய்யவேண்டியது. எனினும், முடிவு எதுவாயினும், அது பொருளை விளங்கிக்கொண்டு எடுத்த முடிவாக இருத்தல் நன்று.

புதிய வகைகள் தோட்டத்தை எட்டும் வரையில், ஏற்கெனவே தெரிந்த உண்மைகளே பெருந்துணை. எதிலீனைப் பழமே வெளியிடுகிறது என்று அறிந்தவர், கனிந்த பழத்தையும் அடிபட்ட பழத்தையும் செங்காயோடு ஒரே பெட்டியில் அடுக்கமாட்டார். வெப்பம் கடிகாரத்தை விரைவுபடுத்தும் என்று அறிந்தவர், காலையிற் பறித்து நிழலில் வைப்பார். காற்றோட்டமுள்ள பெட்டியில், நசுங்காமல் அனுப்புவார். வெண் ஈயும் அழுக்கணவனும் நோயைச் சுமப்பவை என்று அறிந்தவர், நாற்றுமேடையை நுண்வலையால் மூடுவார். நோயுற்ற செடியைத் தோட்டத்திலே விட்டுவைக்காது பிடுங்கி அகற்றுவார். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை.

மணலிலே நீர் இறைத்து வளர்த்த ஒரு தக்காளி, உண்பவர் கையை அடையாமல் வழியிலே அழுகுமாயின், வீணாவது பழம் மட்டுமன்று. கிணற்று நீரும், உரமும், பல நாட் காலை மாலை உழைப்பும் உடன் வீணாகின்றன. அந்த இழப்பைக் குறைக்கும் வழியைக் காட்ட, இலைகளைச் சுருட்டும் ஒரு நுண்பகைவனே சாட்சியாக அழைக்கப்பட்டிருக்கிறான். அவன் சொல்லும் சாட்சியத்தை ஐயத்தோடு கேட்டு, சோதித்துப் பார்த்து, தோட்டத்துக்குப் பயன்படும் அறிவாக மாற்றுவதே ஆராய்ச்சியாளர் முன் உள்ள பணி.